441, 298, 17.3: கருந்துளையின் சுழற்சியை நாமே கணக்கிடுவது எப்படி

ஸ்ருதிப் பெட்டியில் இரண்டு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். மத்ய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 294 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 441 ஹெர்ட்ஸ். விருச்சிகத்தின் வால் பக்கம் ஒரு கருந்துளை இருக்கிறது. பெயர் ஜிஆர்ஓ ஜே1655-40. அதைச் சுற்றியிருக்கும் வாயுவிலிருந்து வரும் எக்ஸ்ரே, சில நேரங்களில் வினாடிக்கு 441 தடவையும் 298 தடவையும் கூடிக் குறைகிறது. பஞ்சமம் அப்படியே சேர்கிறது, ஷட்ஜம் மட்டும் கொஞ்சம் ஏறி நிற்கிறது. இவற்றோடு 17.3 ஹெர்ட்ஸில் மூன்றாவதாக ஓர் அதிர்வு. அது ஒலியாக இருந்தாலும் நம் காதுக்கு எட்டாத அளவு கீழே. இந்த மூன்று எண்களும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால், அந்தக் கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, அதன் நிறை எவ்வளவு என்ற இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

திருவையாற்றில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள், வீணையும் வாசிப்பாள். "மாமா, கருந்துளையிலேர்ந்து ஒண்ணுமே வெளியில வராதுங்கிறீங்க. அப்புறம் அது சுத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், அவளை உட்காரவைத்துக் கணக்கைப் போடவே வைத்தேன். அன்று போன வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ப்ளஸ் டூ கணிதம் தெரிந்தால் போதும். லேப்டாப் இல்லாதவர்கள் 2 முதல் 5 வரையுள்ள படிகளை வாசித்துவிட்டு, நேராக 6ஆம் படியிலிருந்து செய்து பார்க்கலாம்.

தொடங்கும் முன்: எதை அளக்கிறோம்?

ஒரு கருந்துளையை முழுவதும் விவரிக்க நிறை, சுழற்சி என்ற இரண்டு எண்கள் போதும். மின்னூட்டம் என்று மூன்றாவது ஒன்று உண்டு. வானத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம்தான், விட்டுவிடலாம். சுழலும் கருந்துளைக்கான தீர்வை ராய் கெர் 1963இல் கண்டுபிடித்தார். அதில் சுழற்சியை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். 0 என்றால் சுழலவே இல்லை. 1 என்றால் அதற்கு மேல் சுழல முடியாது.

நிறையைத் தூரத்திலிருந்தே அளந்துவிடலாம். கருந்துளையைச் சுற்றி வரும் துணை நட்சத்திரம் எவ்வளவு நாளில் சுற்றி வருகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தால் போதும். நம் கருந்துளையின் துணை 2.62 நாளில் ஒரு சுற்று வருகிறது. ஆனால் கருந்துளை சுழல்கிறதா இல்லையா என்பது அவ்வளவு தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்துக்கு உறைக்காது. மிக அருகில் போனால்தான் தெரியும். அவ்வளவு அருகில் இருப்பது, துணையிடமிருந்து இழுக்கப்பட்டுத் தட்டாகச் சுற்றிக்கொண்டே விழும் வாயு மட்டும்தான். அது கோடி டிகிரிக் கணக்கில் கொதித்து எக்ஸ்ரேயாக ஒளிர்கிறது. நம்முடைய சாட்சி அதுதான்.

நீளத்துக்கு ஓர் அலகு வைத்துக்கொள்வோம். சூரியன் நிறைக்கு 1.477 கிலோமீட்டர், கருந்துளை எத்தனை சூரியனோ, இதை அத்தனையால் பெருக்க வேண்டும். சுழலாத கருந்துளையில் வாயு நிலையாகச் சுற்றக்கூடிய கடைசி வட்டம் 6 அலகில் இருக்கிறது. அதற்கு உள்ளே போனால் நேரே விழ வேண்டியதுதான். சுழற்சி கூடக் கூட, அதே திசையில் சுற்றும் வாயுவுக்கு இந்தக் கடைசி வட்டம் உள்ளே நகர்ந்து, சுழற்சி 1 ஆகும்போது 1 அலகுக்கு வந்துவிடும். இந்த முழு முறைக்கும் ஆதாரம் இந்த நகர்வுதான்.

படி 1: எந்தக் கருந்துளை?

மூன்று அதிர்வுகளும் கிடைத்த கருந்துளை வேண்டும். அப்படிப்பட்டவை மிக அரிது. உயர் அதிர்வெண்ணில் நன்றாக ஆராயப்பட்டவை என்று எடுத்தால் நம் ஜிஆர்ஓ ஜே1655-40, எக்ஸ்டிஇ ஜே1550-564, ஜிஆர்எஸ் 1915+105 என்று சிலதான் முன்னால் வருகின்றன. முதலாவதில் மூன்றும் கிடைத்திருப்பதால் அதை எடுத்துக்கொள்கிறோம்.

ஆனி, ஆடி இரவுகளில் தெற்கே சிவப்பாகத் தெரிவது கேட்டை. அங்கிருந்து வால் வளைந்து இறங்கி மூலத்தில் முடியும். அந்த வளைவின் நடுவில், கேட்டைக்கும் மூலத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் இது இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்வானத்தில் ஏறத்தாழ 39 டிகிரி உயரம் வரை ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் வயல்வெளியில் நின்று அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து கணக்கைத் தொடங்குங்கள். எனக்கு அது உதவியது. 1994இல் இது முதன்முதலாக எக்ஸ்ரேயில் வெடித்தெழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. 1996இலும் 2005இலும் மறுபடி எழுந்தது.

படி 2: தரவு எடுப்பது

எக்ஸ்ரே வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது, அதனால் செயற்கைக்கோள்தான் வழி. 1995 டிசம்பர் இறுதியில் ஏவப்பட்டு 2012 தொடக்கம் வரை இயங்கிய ஆர்எக்ஸ்டிஇ இந்தத் துறைக்குப் பெரிய கொடை. அதன் பதிவுகள் முழுவதும் நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் ஆஸ்ட்ரோசாட்டில் லாக்ஸ்பிசி என்ற கருவி உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. அதன் பதிவுகளை இஸ்ரோவின் தரவு மையத்திலிருந்து எடுக்கலாம். ஜிஆர்எஸ் 1915+105இன் 67 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரே இடத்தில் நிற்காமல் 72 ஹெர்ட்ஸ் வரை நகர்கிறது என்று லாக்ஸ்பிசி வழியாகத்தான் 2019இல் காட்டினார்கள். முதன்முதலாகப் பழகுகிறவர்கள் அந்தத் தரவிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அதிர்வெண் படத்தில் அந்த அதிர்வு எழுப்பும் மேடு கூர்மையாக இருப்பதால் கைக்குச் சீக்கிரம் அகப்படும்.

ஆற்றலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நம் கருந்துளையின் மேல் அதிர்வை 2001இல் டாட் ஸ்ட்ரோமேயர் கண்டுபிடித்தது, 13 முதல் 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எக்ஸ்ரேயை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான். அப்போது அதை 450 ஹெர்ட்ஸ் என்று அளந்தார். கீழ் அதிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டி, மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ்ரேயில் முன்பே தெரிந்திருந்தது. எல்லா ஆற்றலையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தால் மேலே உள்ளது அமுங்கிப்போய்விடும்.

படி 3: நேரத்தை நறுக்குவது

வந்து சேரும் ஒவ்வொரு எக்ஸ்ரே துகளுக்கும் ஒரு நேரம் பதிவாகியிருக்கும். அதைச் சம இடைவெளிகளில் எண்ணி வைத்தால் லைட் கர்வ், அதாவது வெளிச்சம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடம், தயார். 441 ஹெர்ட்ஸைப் பார்க்க வினாடிக்குக் குறைந்தது 882 தடவையாவது எண்ண வேண்டும். நான் 1/4096 வினாடி வைக்கிறேன். பதிவை 16 வினாடித் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் 65,536 எண்கள் இருக்கும். அது 2இன் 16ஆவது அடுக்கு. கலந்து வரும் துடிப்புகளை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்குக்கு இது வசதி.

பூமியின் ஓட்டத்துக்காக நேரத்தைத் திருத்த வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 441இல் அது 0.04 ஹெர்ட்ஸ். நாம் தேடும் மேடு பல ஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆகவே இந்த வேலைக்கு அந்தத் திருத்தம் தேவைப்படாது.

படி 4: பவர் ஸ்பெக்ட்ரம்

ஒவ்வொரு துண்டுக்கும் ஃபூரியர் மாற்றம் செய்து, வரும் எண்களின் அளவை வர்க்கப்படுத்தினால் பவர் ஸ்பெக்ட்ரம் கிடைக்கும்: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு துடிப்பு இருக்கிறது என்ற படம். பைத்தானில் ஸ்டிங்ரே என்ற இலவச நிரல்தொகுப்பு இதைச் சில வரிகளில் செய்து கொடுத்துவிடும்.

லீஹி அளவீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் வெறும் இரைச்சலின் சராசரி எப்போதும் 2. அதற்கு மேல் எழும்பி நிற்பதுதான் செய்தி. ஒரே ஒரு துண்டின் படத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும், ஏனென்றால் இரைச்சல் தன் சராசரி அளவுக்கே எகிறிக் குதிக்கும். 400 துண்டுகளைச் சராசரி எடுத்து, பக்கத்துப் பக்கத்து 16 அதிர்வெண்களையும் சேர்த்தால் 6,400 மதிப்புகளின் சராசரி ஆகிறது. குதிப்பு 80இல் ஒரு பங்காக அடங்கிவிடும். அப்போதுதான் மேடு தலைகாட்டும்.

கருவி ஒரு துகளைப் பதிவு செய்யும்போது அடுத்ததைச் சிறிது நேரம் பார்க்காது. ஆர்எக்ஸ்டிஇயில் இது ஏறத்தாழ 10 மைக்ரோவினாடி, லாக்ஸ்பிசியில் 42ஐ ஒட்டி. இதனால் இரைச்சல் மட்டம் 2க்குச் சற்றுக் கீழே இறங்கும். 2 என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்காதீர்கள். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சமமாகக் கிடக்கும் பகுதியில் மட்டத்தை அளந்து அதைக் கழியுங்கள்.

படி 5: அந்த மேடு நிஜம்தானா?

நான் ரொம்பவும் தடுமாறிய இடம் இது. சில வருடங்களுக்கு முன்பு வேறொரு பொருளின் பதிவில் உயர் அதிர்வெண்ணில் ஒரு அழகான மேடு எனக்குத் தெரிந்தது. இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு நண்பருக்குப் படத்தை அனுப்பினேன். "பதிவை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க" என்று மட்டும் பதில் வந்தது. பிரித்தேன். முதல் பாதியில் ஒரு பத்து வினாடியில் கருவியின் எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தது. மேடு முழுக்க அங்கிருந்து வந்தது. அந்தத் துண்டை நீக்கியதும் படம் தட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த மேட்டையும் இரண்டு பாதியிலும் பார்க்காமல் நம்புவதில்லை.

மேட்டின் உறுதியை முன்கூட்டியே மதிப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது:

உறுதி = ½ × (வினாடிக்கு வரும் துகள்கள்) × (துடிப்பின் பங்கு)² × √(பதிவு நேரம் ÷ மேட்டின் அகலம்)

வினாடிக்கு 5,000 துகள், துடிப்பு 1 சதவீதம், பதிவு 10,000 வினாடி, அகலம் 40 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ½ × 5,000 × 0.0001 × 15.8 = 4 வரும். நான்கு சிக்மா, அதாவது இரைச்சலின் வழக்கமான குதிப்பைப் போல நான்கு மடங்கு, பரவாயில்லை. துடிப்பு அரை சதவீதமாகக் குறைந்தால் உறுதி நான்கில் ஒரு பங்காகிவிடும். அதைப் பதிவு நேரத்தால் ஈடுகட்ட 16 மடங்கு நேரம் வேண்டும். கருவியின் பரப்பை நான்கு மடங்காக்கினாலோ அதே நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெரிய கருவிக்காக விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு மன்றாடுகிறார்கள் என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொன்று: நூற்றுக்கணக்கான அதிர்வெண்களில் தேடுகிறோம், எங்காவது ஒன்று தற்செயலாக எழும்பத்தான் செய்யும். எத்தனை இடத்தில் தேடினோமோ அதைக் கணக்கில் சேர்த்து உறுதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேறிய மேட்டுக்கு, நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் லொரென்ட்ஸ் வளைவைப் பொருத்தி நடு அதிர்வெண்ணையும் அகலத்தையும் எடுங்கள். நடுவை அகலத்தால் வகுத்தால் 2க்கு மேல் வர வேண்டும் என்பது வழக்கம். அதற்குக் குறைந்தால் அது அதிர்வு என்ற பெயருக்குத் தகுதி இல்லாத பரந்த இரைச்சல். மணி போலச் சுத்தமாக ஒலிக்காமல் இப்படிக் கொஞ்சம் அகன்று நிற்பதால்தான் இவற்றை ஏறத்தாழச் சீரான அதிர்வு, சுருக்கமாகக் கியூபிஓ, என்கிறார்கள்.

படி 6: எந்த எண் எந்த அசைவு?

எங்கள் ஊர்க் காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீர் ஓடும் நாளில் உட்கார்ந்து பாருங்கள். படிக்கட்டின் முனையில் தண்ணீர் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு சின்னச் சுழி விழும். பூவரசு இலை ஒன்றைப் போட்டால் அது சுற்றும். ஆனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து வட்டத்தை மூடாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே, முட்டை வடிவமே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்றுச் சுழியின் கணிதமும் கருந்துளையின் கணிதமும் ஒன்றல்ல. ஆனாலும் மூடாத வட்டம் என்பதை மனதில் பதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கருந்துளைக்கு அருகில் சுற்றும் வாயுக்கட்டிக்கு மூன்று அசைவுகள் உண்டு. ஒன்று, சுற்றி வருவது. இரண்டு, சுற்றும்போதே உள்ளும் வெளியுமாக ஊசலாடுவது. மூன்று, தட்டின் தளத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குவது. நியூட்டனின் உலகில் இந்த மூன்றுக்கும் ஒரே அதிர்வெண்தான், ஆகவே பாதை மூடிக்கொள்ளும். ஐன்ஸ்டைனின் உலகில் மூன்றும் பிரிகின்றன. முதலும் இரண்டும் பிரிவதால் நீள்வட்டமே சுழல்கிறது. புதன் கிரகத்துக்கு இந்த விளைவு நூறு ஆண்டில் 43 விகலை. நம் கருந்துளையின் அருகில் அதே விளைவு வினாடிக்கு 298 முழுச் சுற்று. முதலும் மூன்றும் பிரிவது கருந்துளை சுழன்றால் மட்டுமே நடக்கும். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் பாதையின் தளம், பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டுகிற மாதிரி ஆடுகிறது. இதை ஜோசப் லென்ஸும் ஹான்ஸ் திரிங்கும் 1918லேயே கணித்துவிட்டார்கள். 17.3 என்பது அந்தத் தலையாட்டல்.

இப்படிப் பொருத்துவது லூயிஜி ஸ்டெல்லாவும் மாரியோ வியெத்ரியும் 1990களின் இறுதியில் முன்வைத்த கருத்து. இது ஒரு அனுமானம் என்பதை மறக்கக் கூடாது, 8ஆம் படியில் அங்கே திரும்புவோம். 17.3 போன்ற குறைந்த அதிர்வெண் அதிர்வைத் தேர்ந்தெடுக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். அப்படிப்பட்ட அதிர்வுகளில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. தலையாட்டலாகக் கருதப்படுவது சி வகை மட்டுமே. 6 ஹெர்ட்ஸை ஒட்டி வரும் பி வகையை எடுத்துப் போட்டால் விடையே வேறாகிவிடும். மூன்றும் ஒரே நேரத்துப் பதிவில் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம், ஏனென்றால் மூன்றும் ஒரே தூரத்தில் எழுவதாக எடுத்துக்கொள்கிறோம்.

படி 7: கணக்கு

சு என்பது சுழற்சி எண், தூ என்பது அலகில் தூரம், நி என்பது சூரியன் கணக்கில் நிறை. ப = தூ × √தூ என்று வைத்துக்கொள்வோம்.

சுற்றும் அதிர்வெண் = 32,312 ÷ [நி × (ப + சு)]

(உள்-வெளி ÷ சுற்றும்)² = 1 − 6/தூ + 8சு/ப − 3சு²/தூ²

(மேல்-கீழ் ÷ சுற்றும்)² = 1 − 4சு/ப + 3சு²/தூ²

நம்மிடம் சுற்றும் அதிர்வெண் 441. நீள்வட்டம் சுழல்வது 298, ஆகவே உள்-வெளி 441 − 298 = 143. தலையாட்டல் 17.3, ஆகவே மேல்-கீழ் 441 − 17.3 = 423.7. விகிதங்களை வர்க்கப்படுத்தினால் இரண்டாம் சமன்பாட்டின் இடப்பக்கம் 0.10515, மூன்றாவதன் இடப்பக்கம் 0.92308. கவனித்தீர்களா, விகிதமாக எடுத்ததும் நிறை காணாமல் போய்விட்டது. தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டுங்கள். வர்க்க உறுப்பு அடிபட்டுப் போகும்:

1.02823 = 2 − 6/தூ + 4சு/ப

சு/ப என்பதைக் க என்று எழுதினால், 6/தூ = 0.97177 + 4க. மூன்றாம் சமன்பாட்டை மாற்றி எழுதினால் (ப² என்பது தூ³ அல்லவா) 4க − 3க² × தூ = 0.07692. இனி க-வை ஊகித்துப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அக்கா மகள் போனில் கால்குலேட்டரைத் திறந்தாள். க = 0.02 என்று போட்டாள்: தூ = 5.7047, இடப்பக்கம் 0.07315. போதவில்லை. க = 0.022: தூ = 5.6616, இடப்பக்கம் 0.07978. தாண்டிவிட்டது. இரண்டுக்கும் நடுவே விகிதப்படி எடுத்து 0.02113 போட்டாள். 0.07691 வந்தது. "மாமா, உக்காந்துடுச்சு!" என்றாள்.

சரி, இப்போது மீதி. 6/தூ = 1.05629, ஆகவே தூ = 5.68. ப = 13.54. சு = 0.02113 × 13.54 = 0.286. கடைசியாக முதல் சமன்பாட்டிலிருந்து நி = 32,312 ÷ (441 × 13.82) = 5.30.

கருந்துளையின் சுழற்சி 0.286, நிறை 5.3 சூரியன். சாரா மொட்டாவும் அவர் குழுவும் 2014இல் இதே மூன்று அதிர்வுகளிலிருந்து வெளியிட்ட விடை: சுழற்சி 0.290, பிழை 0.003, நிறை 5.31, பிழை 0.07. கையால் போட்ட கணக்கு அதை ஒட்டியே நிற்கிறது.

அந்த எண்களை நம் மண்ணில் வைத்துப் பார்க்கலாம். ஓர் அலகு 7.83 கிலோமீட்டர், ஆகவே அந்த வாயு சுற்றும் ஆரம் 44.5 கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலை மையமாக வைத்து வட்டம் போட்டால் கும்பகோணம், மன்னார்குடி, கல்லணை எல்லாம் உள்ளே வந்துவிடும். மேற்கே திருச்சிக்குச் சற்று முன்னால் நிற்கும், கிழக்கே திருவாரூரை எட்டாது. இந்த வட்டத்தை வினாடிக்கு 441 தடவை! தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத நிகழ்வெல்லையின் ஆரம் 15 கிலோமீட்டர் சொச்சம். பெரிய கோயிலிலிருந்து பார்த்தால் எங்கள் திருவையாறு அதற்குள்ளேயே போய்விடும். வளைந்த வெளியில் தூரம் என்ற சொல்லுக்கே பொருள் கொஞ்சம் மாறும் என்பதால், இந்த வரைபடம் அளவை உணர்வதற்கு மட்டும்.

படி 8: விடையை உலுக்கிப் பார்ப்பது

முதலில் எண்களை அசைத்துப் பாருங்கள். 17.3ஐ 17.4 ஆக்கினால் சுழற்சி 0.2875 ஆகிறது. 298ஐ 302 ஆக்கினால் 0.284, நிறை 5.34. பெரிதாக ஆடவில்லை. அடுத்து, சுழற்சி பூஜ்யம் என்று பிடிவாதமாக வைத்தால்? 6 அலகில் சுற்றும் அதிர்வெண் 2,200ஐ நிறையால் வகுத்தது, 5.3க்கு அது 415 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே நிலையான வட்டம் கிடையாது, நாம் பார்ப்பதோ 441. ஆகவே நிறை இதுதான், 441 சுற்றும் அதிர்வெண்தான் என்றால், கருந்துளை சுழன்றே ஆக வேண்டும். ஸ்ட்ரோமேயர் 2001இல் சுட்டிக்காட்டியதும் இந்தத் தர்க்கத்தைத்தான்.

பிறகு வெளியிலிருந்து ஒரு சாட்சி. துணை நட்சத்திரத்தின் ஓட்டத்திலிருந்து எக்ஸ்ரேயைத் தொடாமலே அளந்த நிறை 5.4, பிழை 0.3 என்று 2002இல் ஒரு குழு சொன்னது. நம் 5.3 அதோடு சேர்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் இன்னொரு குழு அதே ஓட்டத்திலிருந்து 6.3 என்று சொல்லியிருக்கிறது. வசதியான எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மை அல்ல.

இனிதான் கடினமான பகுதி. தட்டின் வெப்ப ஒளியிலிருந்து கடைசி வட்டத்தின் அளவைக் கணித்து, இதே கருந்துளைக்கு 2006இல் 0.65 முதல் 0.75 வரை என்று சொன்னார்கள். தட்டிலுள்ள இரும்பு ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் விடும் எக்ஸ்ரேக் கோடு எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார்க்கும் முறை 0.9ஐத் தாண்டுகிறது. அதிர்வுகளிலேயே வேறு விளக்கமும் உண்டு. 300, 450 என்று பார்த்தால் 2:3 விகிதம். தம்புராவில் மந்தரத் தந்தியும் பஞ்சமத் தந்தியும் நிற்கும் உறவு. எக்ஸ்டிஇ ஜே1550-564இலும் 184, 276 என்று அதே விகிதம். இது தற்செயலாக இருக்க முடியாது, உள்-வெளி அசைவும் மேல்-கீழ் அசைவும் ஒன்றையொன்று மீட்டி ஒத்ததிர்கின்றன என்று அப்ரமோவிச்சும் க்ளூழ்னியாக்கும் 2001இல் சொன்னார்கள். 450ஐ மேல்-கீழ் அசைவாகவும் 300ஐ உள்-வெளி அசைவாகவும் வைத்து, நிறை 6.3 என்று மேலே உள்ள சமன்பாடுகளில் போட்டால் சுழற்சி 0.97ஐ ஒட்டி வருகிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரே கருந்துளை, ஒரே தரவு. ஒரு பக்கம் 0.29, மறுபக்கம் 0.97. ஆகவே பிழை 0.003 என்பதைப் படிக்கும்போது அது எதன் பிழை என்று பார்க்க வேண்டும். அதிர்வெண்ணை அளந்ததில் உள்ள பிழை அவ்வளவு சின்னது. எந்த எண் எந்த அசைவு என்று நாம் முடிவு செய்ததில் இருக்கக்கூடிய பிழை அந்த 0.003க்குள் இல்லவே இல்லை. மூன்று அதிர்வெண்ணையும் ஒரே அனுமானத்தால் விளக்கி, நிறையையும் சேர்த்துக் கொடுப்பதால் எனக்கு ஸ்டெல்லா-வியெத்ரி வழிதான் பிடித்திருக்கிறது. தலையாட்டல் நிஜம் என்பதற்கு ஒரு துணையும் இருக்கிறது: எச்1743-322 என்ற கருந்துளையில், சில வினாடிக்கு ஒருமுறை வரும் அதிர்வோடு சேர்ந்து இரும்புக் கோட்டின் ஆற்றலும் முன்னும் பின்னும் அசைவதை 2016இல் காட்டினார்கள். ஒளிரும் பகுதி நம்மை நோக்கியும் விலகியும் திரும்புகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் அங்கே ஆடுவது அகன்ற ஒரு வாயுப் பந்து. நம் சூத்திரமோ தனித்துகளுக்கு எழுதியது. இந்த இடைவெளியை யாராவது கட்டாயம் அடைக்க வேண்டும்.

கணக்கு கைவந்துவிட்டால் எக்ஸ்டிஇ ஜே1550-564ஐ எடுங்கள். அங்கே 276ஐச் சுற்றும் அதிர்வெண்ணாகவும் 184ஐ நீள்வட்டத்தின் சுழற்சியாகவும் வையுங்கள். துணை நட்சத்திரத்திலிருந்து அளந்த நிறை 9.1. மூன்றாவது அதிர்வுக்குப் பதிலாக நிறையே இருப்பதால் க-வை ஊகிக்காமல் சு-வை ஊகித்துப் போட வேண்டும். எனக்குச் சுழற்சி 0.375 வந்தது. அந்தச் சுழற்சியை மூன்றாம் சமன்பாட்டில் போட்டால் தலையாட்டல் 15 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்கிறது. ஹீசார்க்கில் 1998, 1999 வெடிப்பின் பதிவுகள் அப்படியே கிடக்கின்றன. அக்கா மகள் முதல் கோப்பை இறக்கி, 16 வினாடித் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.